பெற்றவன் கொடுக்கும் விலை

சினிமாக் கொட்டகையில் ஒரு காட்சியை வாடகைக்கு எடுத்து, அதற்கான சீட்டுகளைத் தாங்களே ஊரில் விற்று, செலவு போக மிஞ்சிய தொகையில் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் கைம்பெண்களுக்குத் தையல் இயந்திரமும் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டு ரசிகர் மன்றங்களுக்கு நெடுநாளாக உண்டு. அதைக் கண்டு ஒரு சாரார் கைதட்டுவதும் மற்றொரு சாரார் முகஞ்சுளிப்பதும் அந்த வழக்கத்தின் அளவுக்கே பழமையானவை. முகஞ்சுளிப்பவர்களிலும் இரு வகையினர் இருக்கிறார்கள். கேளிக்கையில் பிறந்த காசு எப்படித் தருமமாகும் என்று கேட்பவர் ஆஸ்திகர். ஒரு நடிகனின் பெயருக்குச் செய்யும் விளம்பரத்தைத் தொண்டு என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர் பகுத்தறிவாளர். மேற்பார்வைக்கு எதிரெதிர்த் திசையிலிருந்து வருவன போலத் தோன்றும் இவ்விரு கேள்விகளும் சற்று நின்று நோக்கினால் ஒரே கேள்விதான்: ஒரு கொடை நல்ல கொடையாவது கொடுக்கிறவனுடைய சித்தசுத்தியைப் பொறுத்ததா? இந்த விசாரத்தில் நம்முடைய பெரியோர்களும் பிறநாட்டுப் பெரியோர்களும் கொடுக்கிறவனையே ஓயாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மிகுதியில், வாங்குகிறவனை நாம் ஏறக்குறைய மறந்தே போனோம் என்பது என் கட்சி.

இதைப் பேசுவதற்கு விழுப்புரமும் அங்கிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனமும் மிகப் பொருத்தமான ஊர்கள். 1894 மே 20ஆம் தேதி விழுப்புரத்தில் பிறந்த சுவாமிநாதன் என்ற பிள்ளை, திண்டிவனத்தில் ஆர்க்காடு அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பருவத்திலேயே அழைக்கப்பட்டு, 1907இல் காஞ்சி காமகோடி பீடத்தில் சந்திரசேகரேந்திர சரஸ்வதியாக அமர்ந்தார். அதே விழுப்புரத்தில் 1928 அக்டோபர் 1ஆம் தேதி பிறந்த கணேசன், மேடையில் மராட்டிய மன்னராக நடித்து, பெரியார் வாயால் சிவாஜி என்ற பட்டத்தைப் பெற்று, உலகறிந்த நடிகரானார். வி. சி. கணேசன் என்ற பெயரின் தலையெழுத்தாக நிற்பதும் இந்த விழுப்புரம்தான். 1967இல் வெளியான ‘திருவருட்செல்வர்’ படத்தில் அப்பராக வேஷம் தரித்தபோது காஞ்சிப் பெரியவரையே மனத்தில் மாதிரியாக வைத்துக்கொண்டதாகச் சிவாஜி சொன்னது பிரசித்தமான செய்தி. அந்த அப்பரும் இந்த வட்டாரத்துப் பழைய திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் பிறந்தவர். ஓர் ஊரில் பிறந்த நடிகர் அதே ஊரில் பிறந்த துறவியைப் பார்த்து, பக்கத்து ஊரில் பிறந்த நாயனாராக மாறினார் என்றால், இந்த வட்டாரத்தில் கோயிலுக்கும் கொட்டகைக்கும் நடுவே எழுப்பியிருக்கும் சுவர் அத்தனை உயரமானதன்று.

ஒரு காட்சியை நடத்தி முடிப்பது வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதைக் காட்டிலும் பிரயாசை மிகுந்த காரியம். அன்றாடக் காட்சிகளுக்கு இடையூறு நேராதபடி ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியாகப் பேசி முடிக்கவேண்டும். விநியோகஸ்தரைச் சம்மதிக்கச் செய்யவேண்டும். முன்காலத்தில், படப்பெட்டி ஏறிய பஸ் வந்து சேரும் வரையில் மன்றத்தார் யாருக்கும் உறக்கம் கிடையாது. இன்று பெட்டி இல்லை, படம் கொட்டகையின் கணினியிலேயே வந்து இறங்கிவிடுகிறது. ஆனாலும் குறித்த காட்சிக்கு அதைத் திறந்துவிடும் அனுமதி வந்தாக வேண்டும் என்ற கவலை அப்படியேதான் இருக்கிறது. இவற்றையெல்லாம் விடக் கடினமானது சீட்டு விற்பது. அச்சடித்த சீட்டுப் புத்தகத்தோடு மன்றத்துப் பிள்ளைகள் கடைத்தெருவில் படி ஏறி இறங்குகிறார்கள். மளிகைக்கடை முதலாளி பத்துச் சீட்டுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, ‘எனக்கு எங்கேப்பா நேரம், கடைப் பசங்க பார்க்கட்டும்’ என்று சீட்டுகளைக் கல்லாவுக்கு அருகில் போட்டுவைக்கிறார். நாளைக்கு இதே பிள்ளைகளின் முகத்தில்தானே விழிக்கவேண்டும் என்ற தாட்சண்யத்துக்கு மேல் அவர் மனத்தில் வேறொன்றும் இல்லை. அடுத்த சந்தில் மூட்டை தூக்கும் ஒருவர், ‘கர்ணனா? ரெண்டு கிழிப்பா’ என்று சட்டைப்பையிலிருந்து கசங்கிய நோட்டுகளை எடுத்து நீட்டுகிறார். அவர் மனைவியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, விசிலடித்து, அழுது, மனம் நிறைந்து வீடு திரும்புவார். சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் இருவர் கணக்கும் ஒரே மாதிரிதான் நிற்கிறது. படத்தைப் பாராத முதலாளி கொடுத்ததற்கு ஈடாக எதையும் பெறவில்லை, ஆனால் மனம் ஒப்பிக் கொடுக்கவுமில்லை. மூட்டை தூக்குபவரோ கொடுத்ததற்கு முழு ஈடும் பெற்றுக்கொண்டார், ஆனால் மகிழ்ந்து கொடுத்தார். இருவரில் எவரைக் கொடையாளி என்பது?

சாஸ்திரத்தைக் கேட்டால் இருவரையுமே தள்ளிவிடும். கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூன்றாக வகுத்து, திருப்பிச் செய்ய இயலாதவனுக்கு, கொடுப்பது கடமை என்ற ஒரே எண்ணத்தோடு, தக்க இடத்தில் தக்க காலத்தில் கொடுப்பதைச் சாத்விகம் என்றும், பிரதிபலனை எதிர்பார்த்தோ மனம் வருந்தியோ கொடுப்பதை ராஜஸம் என்றும், இகழ்ச்சியோடு கொடுப்பதைத் தாமஸம் என்றும் சொல்கிறது. அந்த நிறுவையில் மூட்டைக்காரரும் முதலாளியும் இரண்டாம் தட்டில்தான் விழுவார்கள். வள்ளுவரும் வறியவர்க்குக் கொடுப்பது ஒன்றே ஈகை, மற்றவையெல்லாம் திரும்பி வரும் என்ற கணக்கில் கொடுப்பவையே என்கிறார். புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் என்ற வள்ளலைப் புகழும்போது, இங்கே செய்தது மறுமைக்கு உதவும் என்று கணக்குப் பார்த்து அறத்தை விலைபேசும் வணிகன் அவன் அல்லன் என்று பாடுகிறார்; புண்ணியத்தை எதிர்பார்ப்பதுகூட அந்தப் புலவருக்கு வியாபாரமாகவே பட்டிருக்கிறது. இந்தத் தராசு மிக நுட்பமானது, சந்தேகமில்லை. ஆனால் இதில் ஏறி நிறைவோடு இறங்கியவர் எத்தனை பேர் என்று பார்த்தால், கொடைக்கென்றே பிறந்தவனாக நாம் போற்றும் கர்ணனே ஒருமுறை இதில் தட்டுப்படுகிறான். கவசகுண்டலங்களை யாசித்து வந்த இந்திரனிடம், சூரியனுடைய புத்திமதியின்படி, சக்தி ஆயுதத்தைப் பதிலுக்குக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே அவன் அவற்றை அறுத்துக் கொடுத்தான் என்பது வியாச பாரதம் சொல்லும் கதை. அதனால் கர்ணன் வள்ளலல்லன் என்று யாரும் சொல்வதில்லையே.

கேளிக்கைக் காசு என்ற ஆட்சேபத்துக்குச் சமாதானம் சொல்ல நான் சினிமாக்காரர்களிடம் போகவேண்டியதில்லை. பெரிய புராணத்தில் மூர்க்க நாயனார் இருக்கிறார். திருவேற்காட்டில் பிறந்து, அடியவர்களுக்கு அமுது படைத்தே கைப்பொருளெல்லாம் கரைந்துபோன பிறகு, தமக்குத் தெரிந்த ஒரே தொழிலான சூதாட்டத்தை எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று குடந்தை வரையில் ஆடி, தோற்றவன் பணம் தர மறுத்தால் உடைவாளை உருவிக் குத்தி, அந்தப் பொருளில் அன்னமிட்டவர் அவர். சினிமாச் சீட்டை இதனோடு ஒப்பிட்டால் அது பால்போல் சுத்தமானது. இருந்தும் திருத்தொண்டர்களின் பெயர்களைத் தொகுத்துப் பாடிய சுந்தரர், திருநாவலூரில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் ஆட்கொள்ளப்பட்ட இந்த மண்ணின் பிள்ளை, மூர்க்கருக்கும் தம்மை அடியவனாகவே எழுதிவைத்தார். சேக்கிழார் அந்தக் கதையில் வைத்திருக்கும் ஒரு சிறு விவரம் மன்றத்தார் ஒவ்வொருவரும் அறியவேண்டியது: சூதில் வந்த பொருளை நாயனார் தம் கையால் தொடமாட்டார், சமையற்காரர்களே அதை எடுத்துக்கொள்வார்கள், அடியவர்கள் எல்லோரும் உண்டபிறகு கடைசிப் பந்தியில்தான் அவர் உட்காருவார். பொருள் எப்படி வந்தது என்பதைச் சேக்கிழார் மறைக்கவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. அது எந்தக் கைவழியாக, எந்த வரிசையில் போயிற்று என்பதை மட்டும் அக்கறையோடு எழுதுகிறார்.

ஆக, மூட்டைக்காரருடைய விசிலில் எனக்கு யாதொரு தோஷமும் தென்படவில்லை. அவர் அடைந்த ஆனந்தத்தால் எந்தக் கைம்பெண்ணின் தையல் இயந்திரத்திலும் ஒரு திருகாணிகூடக் குறையப்போவதில்லை.

பகுத்தறிவாளரின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கொடுப்பது மன்றத்துப் பிள்ளைகளின் உழைப்பு, கொடுப்பது ஊர்மக்களின் காசு. நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் மட்டும் நடிகரின் முகம் என்றால், இதில் ஏமாற்று இல்லையா என்கிறார். நான் இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். தான் செய்ததைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளாமல் இன்னொருவர் பெயரில் எழுதுவது பக்தி மார்க்கத்தில் பழகிய செயல். அந்தப் பிள்ளை தனக்குப் பிரியமான ஒருவரின் பிறந்தநாளைத் தன் பிறந்தநாளைவிடப் பெரிதாக எண்ணுகிறான். இந்த மனநிலையை இகழ்கிறவர்கள் திருமுனைப்பாடி நாட்டை ஆண்ட நரசிங்க முனையரையர் கதையைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். சுந்தரரை எடுத்து வளர்த்த அந்தக் குறுநில மன்னர், திருவாதிரை தோறும் நீறணிந்து வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு நூறு பொன் கொடுப்பது வழக்கம். ஒருநாள் உடையின்றி, காமத்தின் அடையாளங்கள் உடம்பில் வெளிப்படையாகத் தெரிய, நீறு மட்டும் பூசிக்கொண்டு வந்து நின்ற ஒருவரைக் கண்டு அருகிருந்தவர்கள் அருவருத்து ஒதுங்கினார்கள். மன்னர் அவரை வணங்கி, இருநூறு பொன் கொடுத்து அனுப்பினார். அவர் மதித்தது எதிரே நின்ற மனிதரின் ஒழுக்கத்தையன்று, அவர் நெற்றியிலிருந்த அடையாளத்தை; அதை ஒருவர் இகழ்ந்துவிட்டால் இகழ்ந்தவருக்கு வரும் கேட்டைத் தடுப்பதற்காகவே இரட்டிப்பாகக் கொடுத்தார். அடையாளத்துக்குச் செய்யும் மரியாதை அறிவீனமாகவும் முடியலாம், பெருந்தன்மையாகவும் முடியலாம் என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

நடிகரிடத்திலும் இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படமாவதற்கு முன்னால், சிவாஜி அதை நாடகமாக ஊர் ஊராக நடத்தி, வசூலைக் கல்வி நிலையங்கள் முதலிய பொதுக்காரியங்களுக்குக் கொடுத்தார். ரசிகர்கள் அந்த வழியைத்தான் தங்கள் சக்திக்கேற்பப் பின்பற்றுகிறார்கள்.

இது தமிழனுக்கு மட்டும் உரிய பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக ஓர் அமெரிக்க உதாரணம். 2002இல் தொடங்கிய சில மாதங்களிலேயே நிறுத்தப்பட்ட ‘ஃபயர்ஃபிளை’ என்ற தொலைக்காட்சித் தொடரின் கதையை, அதை உருவாக்கிய ஜாஸ் வீடன் 2005இல் ‘செரினிட்டி’ என்ற படமாக எடுத்தார். 2006 முதல் அதன் ரசிகர்கள், அவருடைய பிறந்தநாள் வரும் ஜூன் மாதத்தை ஒட்டி, பல நாடுகளிலும் கொட்டகைகளை எடுத்து அந்தப் படத்தைக் காட்டி, வசூலைப் பெண்களின் உரிமைக்காகப் பாடுபடும் ‘ஈக்வாலிட்டி நவ்’ என்ற ஸ்தாபனத்துக்குக் கொடுத்துவந்தார்கள். வாடகை பேசுவது, சீட்டு விற்பது, பிறந்தநாளை ஒட்டி நடத்துவது எல்லாம் நம் மன்றத்து நடைமுறையேதான். பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர், அவரிடம் வேலை செய்த நடிகர் நடிகையர் சிலர், படப்பிடிப்பு இடங்களில் அவர் தங்களைக் கொடுமையாக நடத்தினார் என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார்கள். குற்றஞ்சாட்டியவர்களில் பெண்களும் இருந்தார்கள். பெண்களின் நலத்துக்காக அவர் பெயரால் திரட்டப்பட்ட பணத்தின் கதி என்ன? அந்தப் பணத்தால் எங்கோ ஒரு பெண்ணுக்கு வழக்காட வக்கீல் கிடைத்திருந்தால் அந்த வக்கீலைத் திருப்பி அனுப்பவேண்டுமா? யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். இங்கே கொடுத்தவர்களின் அபிமானத்தில் விரிசல் விழுந்தது, வருத்தம் கொடுத்தவர்களோடு போயிற்று. வாங்கியவள் அந்த இயக்குநர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டாள். அவளுக்கும் அந்தப் பெயருக்கும் நடுவே ஸ்தாபனம் என்ற திரை இருந்தது. நம் ஊரில் அந்தத் திரை இல்லை என்பதுதான் சங்கடம்.

படம் தொடங்குவதற்கு முன்பு கொட்டகையில் வெள்ளித்திரைக்குக் கீழே உள்ள மேடையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சுவரொட்டியில் ‘நலத்திட்ட உதவிகள் வழங்கும் விழா’ என்று போட்டிருக்கும் நிகழ்ச்சி அது. தலைவர், செயலாளர், பொருளாளர், வட்டாரப் பிரமுகர்கள் எல்லோருக்கும் சால்வை போர்த்தி முடிய அரைமணி நேரம் ஆகிறது. பின்பு ஒலிபெருக்கியில் ஒரு பெயர் வாசிக்கப்படுகிறது. அதோடு நில்லாமல், கணவனை இழந்து இரண்டு பெண் குழந்தைகளோடு கஷ்டப்படும் என்ற அடைமொழியும் சேர்த்து வாசிக்கப்படுகிறது. ஓரத்து நாற்காலியில் இருந்த பெண் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியேறுகிறாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத தையல் இயந்திரத்தின் மீது எட்டுப் பேர் கை வைக்கிறார்கள். அவள் கைக்கு இடம் கிடைக்கவில்லை. புகைப்படக்காரர் ‘அக்கா, இப்படிப் பாருங்க, கொஞ்சம் சிரிங்க’ என்கிறார். அவள் சிரிக்கிறாள். ஐந்நூறு பேர் கைதட்டுகிறார்கள். அந்த ஐந்நூறு பேரில் அவள் தெருக்காரர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். இதுவரையில் நாம் எத்தனையோ நுட்பமாக ஆராய்ந்து, கொடுத்தவன் பெற்றது ஆனந்தமா, புகழா, புண்ணியமா என்று கேட்டுக்கொண்டிருந்தோமே, இந்த மேடையில் வாங்கியவள் கொடுத்தது என்ன என்று ஏன் கேட்கவில்லை? சீட்டு வாங்கியவன் கொடுத்தது ஒரு நாள் கூலியில் ஒரு பகுதி. அவள் கொடுத்ததற்கு அடிக்கட்டை கிடையாது.

நோட்டுப் புத்தக விஷயத்தில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அட்டையில் நடிகரின் முகத்தோடு கிடைத்த புத்தகத்துக்கு, பள்ளிக்கூடத்து விதிப்படி மறுநாளே பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அது எங்கிருந்து வந்த புத்தகம் என்று பக்கத்து பெஞ்சுப் பையனுக்குத் தெரியாது. தையல் இயந்திரத்துக்கு அப்படி அட்டை போட வழியில்லை. அதன் பலகையில் மன்றத்தின் பெயரைச் சாயத்தில் எழுதியே கொடுக்கிறார்கள்.

சிவாஜியின் ‘கர்ணன்’ படத்தை இத்தகைய காட்சிக்கு எடுப்பவர்கள் அந்தக் கதையை ஒருமுறை மன்றத்து அறையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் நல்லது. பி. ஆர். பந்துலு எடுத்து 1964 பொங்கலுக்கு வெளிவந்த அந்தப் படம், 2012இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரையிடப்பட்டபோது, 100 நாள்களைத் தாண்டி ஓடி, பழைய படத்துக்கு இத்தனை கூட்டமா என்று வியாபாரிகளையே திகைக்க வைத்தது. அதில் நாம் கைதட்டிப் பார்ப்பதெல்லாம் கர்ணன் கொடுக்கும் கட்டங்களை. ஆனால் அவன் வாழ்க்கையைத் தீர்மானித்தது அவன் கொடுத்த கொடை ஒன்றுமன்று. அவன் வாங்கிய ஒரு கொடை. இளவரசர்கள் வித்தை காட்டிய அரங்கில், குலம் என்ன என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் தலைகுனிந்து நின்றவனை, ஊர்கூடிப் பார்த்துக்கொண்டிருக்க, துரியோதனன் அங்க தேசத்துக்கு அரசனாக முடிசூட்டினான். மேடை, கூட்டம், கைதட்டல் எல்லாம் அங்கே இருந்தன. அதைவிடப் பெரிய நலத்திட்ட உதவியை உலகம் கண்டதில்லை. துரியோதனனுக்கு அந்தக் கணத்தில் கர்ணன் மேல் உண்மையான அன்பு பிறந்திருந்தது என்றே நான் நம்புகிறேன். அவனுடைய சித்தசுத்தியில் குறை காண வேண்டியதில்லை. ஆயினும் என்ன? சபை நடுவே வாங்கிய அந்த ஒன்றுக்காகக் கர்ணன் தன் நியாய உணர்ச்சியை, தாயை, தம்பிமாரை, கடைசியில் உயிரை, தவணை தவணையாகச் செலுத்தித் தீர்த்தான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் அதைப் பெருமையாகவே பேசுகிறோம். கடன் என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் அது கொடையாக இருக்கவில்லை என்பதை அறிந்துதான் வைத்தார்களோ என்னவோ.

அவன் கொடுத்த கடைசிக் கொடை வேறு மாதிரியானது. வியாசரிடம் இல்லாத அந்தக் கட்டம் தமிழனுக்குக் கிடைத்தது வில்லிபுத்தூரார் பாரதத்தில். வில்லிபுத்தூராரும் இந்தத் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்பது மரபு. பதினேழாம் நாள் போரில் அம்பு தைத்து வீழ்ந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் கிழ வேதியனாக வந்து, அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் யாசிக்கிறான். நீர் வார்த்துக் கொடுக்கத் தண்ணீர் இல்லை. மார்பில் வழியும் குருதியால் தாரை வார்த்துக் கொடுக்கிறான். அதில் நான் வியப்பது புண்ணியத்தையே கொடுத்தான் என்பதை மட்டுமன்று. வாங்க வந்தவன் அங்கே எதையும் இழக்கவில்லை, அவன் பெயரைக் கேட்டவர் இல்லை, அவன் வறுமையை விவரித்தவர் இல்லை, கைதட்டக் கூட்டமுமில்லை. வரம் கேள் என்று சொன்னபோதும், எத்தனை பிறவி எடுத்தாலும் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லாத மனம் வேண்டும் என்றுதான் கர்ணன் கேட்டான். இந்தப் பகுதிக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பாரதம் படித்துக் கூத்து நடத்தும்போது, ‘கர்ண மோட்சம்’ ஆடும் இரவுக்கென்று தனிக் கூட்டம் சேர்வதன் காரணம் இதுவாக இருக்கலாம். அந்தக் கூத்திலும் பணம் கொடுப்பவர்கள் உண்டு. ரூபாய் நோட்டைக் கூத்தாடியின் சட்டையில் குத்துவார்கள், கொடுத்தவர் பெயரைக் கட்டியக்காரன் உரக்கச் சொல்லுவான். அது யாரையும் கூசவைப்பதில்லை. விடிய விடிய ஆடியவன் கலையைக் கொடுத்துவிட்டுத்தான் வாங்குகிறான். பெயர் சொல்லப்படுவதும் கொடுத்தவருடையதே.

கொடுக்கும்போது நாணத்தோடு கொடு, அஞ்சிக் கொடு என்ற கருத்தில் தைத்திரீய உபநிஷதம் மாணவனுக்குச் சொல்லும் உபதேசம் ஒன்று உண்டு. கொடுப்பவன் எதற்காக நாணவேண்டும் என்பது எனக்கு வெகுகாலம் விளங்காத புதிராகவே இருந்தது. மேலே சொன்ன மேடையை வைத்துப் பார்த்தால் விளங்குகிறது: ஒரு கொடையில் நாணம் என்பது யாராவது ஒருவர் ஏற்றுத் தீரவேண்டிய பாரம், கொடுப்பவன் ஏற்காவிட்டால் அது வாங்குபவன் தலையில் போய் இறங்கும். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள தமிழ்ச் சமணர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். அவர்களுடைய மடம் உள்ள மேல்சித்தாமூர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. உணவு, அடைக்கலம், மருந்து, நூல் என்று தானத்தை நான்காக வகுத்த அவர்கள் மரபில், ஆகாரத்துக்கு வரும் திகம்பர முனிவர் வாய் திறந்து கேட்பதில்லை. இல்லறத்தார்தான் வாசலில் நின்று, எழுந்தருள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். வேண்டுதல் கொடுப்பவருடையது, ஏற்பது மற்றவருடைய அருள். கைம்பெண் முனிவரல்லளே என்று கேட்பவர்கள் ஓமந்தூர்ப் பக்கம் போய்க் கேட்கவேண்டும். சென்னை மாகாணத்தின் பிரதமராக 1947 முதல் 1949 வரையில் இருந்த திண்டிவனத்து விவசாயி ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், பதவியை விட்டதும் போய்ச் சேர்ந்த இடம் வடலூர். அங்கே 1867 மே 23இல் வள்ளலார் மூட்டிய சத்திய தருமசாலை அடுப்பின் முன்னால் பசி ஒன்றே யோக்கியதை. ஊர், குலம், கஷ்டத்தின் வரலாறு இவற்றில் எதையும் சொல்லாமல் பந்தியில் உட்காரலாம்.

காஞ்சிப் பெரியவர் பிரசாரம் செய்த பிடி அரிசித் திட்டத்தையும் இந்த வகையில்தான் சேர்க்கிறேன். வீடுதோறும் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டுவைத்து, எல்லார் வீட்டு அரிசியையும் சேர்த்துச் சமைத்து ஏழைகளுக்குப் போடுவது என்ற அந்த ஏற்பாட்டில், கலந்த பிறகு எந்தப் பிடி எவருடையது என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. கொடுத்தவருக்கும் தெரியாது, உண்டவருக்கும் தெரியாது. விழுப்புரத்தில் பிறந்த ஒருவர் இந்த யோசனையைச் சொன்னார் என்பதை அதே ஊரில் பிறந்த மற்றவருடைய மன்றத்தார் சற்று கவனிக்கலாம். சீட்டுக் காசும் ஒருவகையில் பிடி அரிசிதான்.

மன்றத்தார் என்ன சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும். மேடை இல்லாவிட்டால் பிரமுகர் வரமாட்டார், பிரமுகர் வராவிட்டால் அடுத்த ஆண்டு சீட்டு விற்காது என்பார்கள். அது லௌகிக உண்மை, நான் மறுக்கவில்லை. ரசிகர் மன்றங்கள் கட்சிகளாக வளரும் நாடு இது. எம். ஜி. ஆர். 1972இல் தனிக்கட்சி கண்டபோது அவருக்கு முதுகெலும்பாக நின்றவை மன்றங்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவிலுள்ள விக்கிரவாண்டியில்தான் 2024 அக்டோபர் 27இல் நடிகர் விஜயின் புதுக்கட்சி முதல் மாநாட்டை நடத்தியது. கூட்டம் சேர்ப்பதும் பெயர் பெறுவதும் அவரவர் உரிமை. சால்வை யாருக்கு வேண்டுமானாலும் போர்த்தட்டும். நடிகர் திலகத்தின் கட்அவுட்டுக்கு மாலை போடட்டும். பத்துச் சீட்டு வாங்கிய முதலாளியின் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று தடவை வாசிக்கட்டும். அவர்களெல்லாம் கொடுத்தவர்கள், பெயருக்கு ஆசைப்பட்டால் அது அவர்கள் பாடு. வாங்குகிறவள் அந்த மேடைக்கு வரவேண்டிய காரணம் என்ன?

பொருளாளர் ஒருவர்தான் இதற்கு நியாயமான பதில் சொல்லக்கூடியவர். புகைப்படம் இல்லாவிட்டால் இயந்திரம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தது என்று ஊருக்கு எப்படிக் காட்டுவது, தின்றுவிட்டோம் என்று சொல்லமாட்டார்களா என்பார். சொல்லத்தான் சொல்லுவார்கள், பொதுப்பணத்தைக் கையாளுகிறவனுக்கு இந்தப் பயம் இருப்பது நல்லதுங்கூட. ஆனால் அதற்குச் சாட்சியாக நிற்கவேண்டியது இயந்திரம் விற்ற கடையின் ரசீது, வாங்கியவளின் முகமன்று. கொட்டகை வாடகை இவ்வளவு, விநியோகஸ்தர் பங்கு இவ்வளவு, சுவரொட்டிக்கும் ஆட்டோவுக்கும் இவ்வளவு, விற்ற சீட்டு இத்தனை, மிச்சம் இவ்வளவு, அதில் இத்தனை இயந்திரம் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொட்டகை வாசலிலேயே ஒட்டிவிட்டு, தையற்கடையிலோ இயந்திரக் கடையிலோ ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து வைத்தால், அந்தப் பெண் தனக்கு ஒழிந்த ஒரு நாளில் போய், எந்த இயந்திரம் வேண்டும், கையால் சுற்றுவதா காலால் மிதிப்பதா என்று பேரம் பேசாத குறையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் ஏற்றிப் போவாள். பலகையில் எதுவும் எழுதாமல் கொடுக்கும்படி கடைக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவைக்கவேண்டும்.